ஓராள் அளவு

என் கொழுந்தன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அவன் மேல் அல்ல, கேட்பவர்கள் மேல். "போன்ல ஆப் செய்யறான்" என்றால் "எந்தக் கம்பெனி?" என்பார்கள். கம்பெனி இல்லை, தனியாகவே செய்கிறான் என்றால் "ஓ, வேலை தேடிட்டு இருக்காரா" என்று தலையாட்டுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை கவுன்டரில் நிற்கும் எனக்கு ஒரு முதலாளி இருக்கிறார், அவனுக்கு இல்லை. அதனால் நான் வேலையில் இருப்பவள், அவன் வெட்டி. என்ன நியாயமோ.

பெரிய கம்பெனியில்தான் இருந்தான். ஒருநாள் விட்டுவிட்டு வந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "நான் எழுதினது எதையும் யாரும் தொட்டுப் பாத்ததில்ல அண்ணி" என்றான். அதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவழைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் சொந்தத் தம்பிக்கு வைத்திருக்கும் பெயரே ஊமைக்கோட்டான். எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், பிள்ளைகளின் போனில் ஏதாவது கோளாறு இருந்தால் சரிசெய்வான், போய்விடுவான். "சித்தப்பா வந்தாரா?" என்று என் மகள் மேஜை மேலிருக்கும் போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அவன் இருப்பது ஒரு டயர் கடையின் மாடியில். ஒரே அறை. கீழே சுத்தியல் விழும்போதெல்லாம் மேலே மேஜையில் தேநீர் அதிரும். மேஜை ஓரத்தில் பழைய போன்களாக வரிசை கட்டி நிற்கும். சின்னது, பெரியது, கண்ணாடி விரிந்து செலோடேப் ஒட்டியது. ஒவ்வொரு திரையிலும் எழுத்து சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். போன் அத்தனை வைத்திருப்பவன் வீட்டில் நாற்காலி ஒன்றுதான். நான் போனால் கட்டிலில்தான் உட்கார வேண்டும்.

அதுவரை இரண்டு மூன்று ஆப் செய்திருந்தான். வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று நினைவுபடுத்துவது ஒன்று. அதை இறக்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அந்த விரல்களிலும் ஒன்று நான், ஒன்று என் மகள். எனக்கு வண்டியே கிடையாது.

கடைசியாக அவன் கையில் எடுத்ததுதான் இந்தச் சமையல் ஆப். எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் நாலு பேருக்கு, ஆறு பேருக்கு என்றே போட்டிருக்கிறார்கள், தனி ஆள் என்ன செய்வான் என்பதுதான் அவன் கேள்வி. "எல்லாத்தையும் நாலால வகுத்தா சரியா வராது அண்ணி. தண்ணி அப்படிக் குறையாது. உப்பு குறையாது. ஒரு முட்டைய நாலா வகுக்க முடியுமா?" அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒரு தராசு வாங்கி, ஒவ்வொன்றையும் ஓர் ஆள் அளவுக்குச் சமைத்து, எடை போட்டு, தின்று, திரும்பச் சமைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். 'ஓராள் அளவு' என்று பெயர் வைத்தான். மதியம் ஆனால் அது போனில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும். 'சாப்பிட்டேன்' என்றோ 'இன்னும் இல்லை' என்றோ அழுத்தலாம்.

அந்தச் சமயத்தில்தான் பழைய மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"டேய், போதும்டா. போய்ச் சேரு."

"இது வெளிய வரட்டும்ணா. தெரியாத ஆளு ஒருத்தராவது இதப் பாத்து நெசமா சமைக்கட்டும். அது போதும் எனக்கு."

"ஒருத்தரும் வரலன்னா?"

"போயிடறேன்."

என் வீட்டுக்காரர் உடனே என்னைப் பார்த்து, நீதான் சாட்சி என்றார். மாதக் கடைசிவரை தவணை.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஆப் கடையில் ஒரு புதிய ஆளின் சரக்கை எடுத்த எடுப்பில் வைக்க விடமாட்டார்களாம். முதலில் ஒரு டஜன் பேர் தங்கள் போனில் போட்டு, இரண்டு வாரம் விடாமல் வைத்திருக்க வேண்டும். இடையில் ஆள் குறைந்தால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து. நிரல் எழுதச் சொன்னால் ராத்திரி பகல் பார்க்காமல் எழுதுவான். ஒரு டஜன் ஆள் பிடி என்றால் எங்கே போவான்? எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, போனில் பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தான். பாதிப் பெயர் கேஸ் கம்பெனி, பிளம்பர், கூரியர்.

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தோம். என் அம்மாவின் போனில் நானே போட்டேன். டயர் கடைக்காரர், அவன் அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா, அவன் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் ஒருவர், பழைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர். அதோடு முட்டிக்கொண்டு நின்றது. மிச்சத்துக்கு இவனைப் போன்றவர்களே ஒரு குழு வைத்திருந்தார்கள். எல்லோரும் எங்கெங்கோ அறைகளில் தனியாக ஆப் செய்பவர்கள். நீ என்னுடையதைப் போட்டுக்கொள், நான் உன்னுடையதைப் போட்டுக்கொள்கிறேன் என்பது ஏற்பாடு. பெயர் தெரியாது, முகம் தெரியாது.

மற்றவர்கள் போட்டதோடு மறந்துவிடுவார்கள் போலிருக்கிறது. இவன் அப்படி இல்லை, யோக்கியன். காலையில் எழுந்ததும் அவர்களுடைய ஆப்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒழுங்காகப் பயன்படுத்துவான். அதில் ஒன்று கர்ப்பிணிகளுக்கானது. ஒருநாள் நான் அவன் அறையில் இருக்கும்போது, குமட்டல் குறைந்திருக்கிறதா என்று அது கேட்டது. இவன் சற்று யோசித்து 'ஆம்' என்று அழுத்தினான். நான் சிரித்த சிரிப்பில் கீழே டயர் கடையில் சுத்தியல் நின்றது.

"எத்தனையாவது மாசம்டா?"

"நாலு அண்ணி" என்றான், முகத்தைத் திருப்பாமல். பிறகு அவனும் லேசாகச் சிரித்தான்.

இரண்டு வாரம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி. மதிய நேரம். கடையில் ஒருவருக்கு பிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் சிணுங்கியது. வழக்கமான "சாப்பிட்டாச்சா?" இல்லை. "சாப்பிட்டியாடா? எனக்குத் தெரியும், சாப்பிட்டிருக்க மாட்டே. எழுந்து போ" என்று இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணி என்று எழுந்து நிற்கிறவன் என்னை 'டா' போடுவானா? உடனே அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எல்லோருக்கும் அதே செய்தி போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. டயர் கடைக்காரர் மாடிப்படி ஏறிப்போய், "யாரைடா சொன்னே?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு ஆப்பை எடுத்துவிட்டார். முடிவெட்டுபவர் போனில் ஏதோ திருட்டுப் புகுந்துவிட்டது என்று பயந்து எடுத்துவிட்டார். பழைய நண்பர்கள் சிரி சிரி என்று சிரித்து, படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பி, அப்புறம் எடுத்துவிட்டார்கள். ஒரே மதியத்தில் நாள் கணக்கு மண்ணைக் கவ்வியது.

கடை விட்டதும் நேரே அவன் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"என்ன தம்பி இது?"

"டெஸ்ட் மெசேஜ் அண்ணி. என் போனுக்கு மட்டும் போகணும். யாருக்குன்னு மாத்த மறந்துட்டேன்."

"டெஸ்டுக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஏதாவது போட வேண்டியதுதான?"

அவன் மேஜையோரத்துப் போன் ஒன்றை எடுத்துத் துடைத்தான்.

"எத்தன நாளா டெஸ்ட் பண்றே?"

"ஆரம்பிச்சதுலேர்ந்து."

"இன்னும் சரியா வேல செய்யலியா?"

"அது முதல் வாரமே சரியாயிடுச்சு அண்ணி" என்றான்.

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தினமும் மதியம், வேலை செய்கிற ஒன்றை வேலை செய்கிறதா என்று பார்க்கும் சாக்கில், தன்னைத் தானே அதட்டிச் சாப்பிட வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் வாய் ஓயாதவள். அன்றைக்கு என் வாயில் வந்தது இவ்வளவுதான். "எங்க வீட்டுக்கு வந்துடு, அங்கேயே இரு" என்றேன். "போன் எல்லாம் இங்க இருக்கு அண்ணி" என்றான். அது ஒரு பதிலா? அவனுக்கு அதுதான் பதில்.

தெரிந்தவர்களிடம் இனி கேட்பதில்லை என்று முடிவுசெய்துவிட்டான். என்னையும் "நீங்க எடுத்துடுங்க அண்ணி, தொந்தரவு" என்றான், நானும் எடுத்துவிட்டேன். பழைய மேனேஜரிடம் இன்னொரு மாதம் தவணை வாங்கிக்கொண்டு, அந்தக் குழுவிலேயே ஒரு டஜனையும் சேர்த்தான். அதற்கு ஈடாக அத்தனை பேரின் ஆப்களையும் தன் போன்களில் சுமந்தான். இரண்டு வாரம் ஓடியது. ஆப் கடையிலும் வந்தது.

வந்த அன்றே அந்த டஜன் பேரும் எடுத்துவிட்டார்கள். வேலை முடிந்தால் எடுத்துவிடுவதுதான் அங்கே வழக்கமாம், யாரும் தப்பாக நினைப்பதில்லையாம். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு நாள் வெச்சிருந்தா தேஞ்சா போயிடுவாங்க?" என்றேன். "நானும் அவங்களோடத எடுத்துட்டேன் அண்ணி. எல்லாருக்கும் போன்ல எடம் வேணும்ல." பிள்ளை பெறும் ஆப்பையும் எடுத்துவிட்டாயா என்று கேட்டேன். அதையும்தான் என்றான். அதற்குப் பிறகு நாட்கள் போயின. யார் யார் இறக்குகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது, எத்தனை பேர் என்ற எண் மட்டும் தெரியும். அது பூஜ்யத்திலேயே நின்றது. மாதக் கடைசி நெருங்கியது. என் வீட்டுக்காரர் தம்பிக்கு இரண்டு சட்டை எடுத்து வைத்துவிட்டார், ஆபீசுக்குப் போட்டுக்கொள்ள.

அந்த வார இறுதியில் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போனார். எனக்குக் கடையில் சரக்குக் கணக்கு இருந்ததால் போகவில்லை. மறுநாள் ஞாயிறு. மதியம் சமையலறையில் நின்றேன். அரிசி டப்பாவில் கையை விட்டேன், எவ்வளவு எடுப்பது என்று தெரியவில்லை. சிரித்தால் சிரியுங்கள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு மட்டும் என்று நான் உலை வைத்ததே இல்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதும் இல்லை. குழாய் சொட்டுவது கேட்டது.

போனை எடுத்து 'ஓராள் அளவு' என்று தேடி இறக்கினேன். அது சொன்னபடியே அரிசி, சொன்னபடியே தண்ணீர், ஒரு கேரட், ஒரு முட்டை. கடைசியில் 'சமைத்தேன்' என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

சட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. கொழுந்தன். டயர் கடை மாடியிலிருந்து எங்கள் வீடு கொஞ்ச தூரமில்லை. வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"அண்ணா எங்க?"

"அவங்க ஊர்ல இல்ல. என்னடா, என்ன ஆச்சு?"

"யாரோ சமைச்சிருக்காங்க அண்ணி. யாரோ ஒருத்தர். இப்பதான், அர மணி நேரம் முன்னாடி. குறிப்பு முழுசும் பாத்து, ஒவ்வொரு படியாத் தள்ளி, கடைசில சமைத்தேன்னு அழுத்தியிருக்காங்க. நடுவுல எங்கயும் விடல." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் ஒன்று என்று ஓர் எண் இருந்தது. அவன் முகத்தை அப்படி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. "நாளைக்கு மேனேஜர்கிட்ட வரலன்னு சொல்லிடலாம்ல அண்ணி? அண்ணாவும் ஒத்துக்கிட்டாரு, நீங்கதான் சாட்சி."

என் கை இன்னும் ஈரமாக இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் திங்கட்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு நாலு பேர் இருக்கும் ஆபீசுக்குப் போய்விடுவான். நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவான். சொல்லாவிட்டால் அந்த அறைக்குத் திரும்பிப் போவான். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

"சொல்லிடு" என்றேன்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன், இல்லை என்றான். மறுபடி அரிசியைக் களைந்து உலை வைத்தேன், இந்த முறை கை பழகிய அளவுக்கு. பின்னால் அவன் விடாமல் பேசிக்கொண்டே இருந்தான். அந்த ஆள் எந்த ஊராக இருக்கும், ஆணா பெண்ணா, அளவு சரியாக வந்திருக்குமா, உப்புக் கூடியிருக்குமா. நான் திரும்பாமல் ம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யாரா இருக்கும் அண்ணி?"

"யாராவது தனியா சாப்பிடற ஆளா இருக்கும்" என்றேன்.

அவன் போனிலிருந்த அந்த ஒன்றை மறுபடி பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமகூடத் தனியா" என்றான். "பாவம்ல அண்ணி."