வாசலில் ஒரு சல்லடை

ஆடிட்டர் சபாபதி அண்ணனின் மனைவி சித்தூரிலிருந்து போன் செய்தபோது நான் நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே நின்றிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது. "அவரு பூட்டாருப்பா" என்று மறுபடி சொன்னார். தறியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நின்றபின் வந்த அமைதி இன்றுவரை என்னை விடவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் கோபமும் தெரியும். எங்கள் நெசவாளர் சமூகம் திருச்சானூரில் கட்டிய விடுதிக்கு அவர்தான் சம்பளமில்லாத ஆடிட்டர். திருப்பதி ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள் இலவசமாகத் தங்கும் இடம். பொதுநல அமைப்பு என்று வரித்துறையில் பதிவு செய்திருந்தோம். அதை நம்பித்தான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்று நன்கொடை தந்தது. ஒரு சாதிக்கு மட்டும் என்று நடத்தினால் அந்தப் பதிவு நிற்காது. "குடுக்கிறவன் யாருன்னு சட்டம் கேக்காது. வாங்கறவன் யாருன்னுதான் கேக்கும்" என்பார்.

ஒருநாள் அவர் விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தார். வெதுருகுப்பத்துக்காரர் ஒருவர், ஆபரேஷன் முடிந்த மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். மேனேஜர் சிரித்த முகமாக, "மீ இண்டிபேரு ஏமண்டி?" என்று கேட்டார். வீட்டுப் பெயர் தெரிந்தால் போதும், எங்கள் பக்கம் சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பதில் வந்ததும் ரூம் இல்லை என்றுவிட்டார். மாடி முழுக்கக் காலி. அந்தப் பெண் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதைச் சொல்லிச் சொல்லி அண்ணன் ஓயவில்லை.

கமிட்டியில் வெடித்தார். "பொதுன்னு போர்டு மாட்டிக்கினு, வாசல்ல சல்லடை வெச்சிக்கினு கீறீங்க!" நான் ஒருவன்தான் அவர் பக்கம் பேசினேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். வாசலில் வீட்டுப் பெயர் கேட்பது நிற்கவில்லை.

பதிவைப் புதுப்பிக்கும் விசாரணை வீடியோவில் நடந்தது. அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால், நாங்கள் அவர் பின்னால். எல்லோரையும் சேர்க்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். எங்கள் கமிட்டித் தலைவர் கனைத்தார். அண்ணன் திரும்பவில்லை. இல்லை, வீட்டுப் பெயர் கேட்டுத்தான் சேர்க்கிறார்கள் என்று நிதானமான தெலுங்கில் சொன்னார்.

பதிவு போயிற்று, நன்கொடையும் போயிற்று. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று ஊரே பேசியது. "எம் பொண்ணு கல்யாணத்துக்கு நம்ம ஆளுங்க ஒருத்தரும் வர்லப்பா" என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

சாவுக்கு எல்லோரும் வந்தார்கள், ஆளுயர மாலையோடு. உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத கூட்டம் அது. விடுதிக் கூடத்தில் அவர் படத்தை மாட்டப்போவதாகத் தலைவர் அறிவித்தார். அண்ணி படத்தை என் கையில் கொடுத்தார். "வாசல்ல கேக்கறத நிறுத்திட்டு மாட்டுங்க. அதுவரிக்கும் அவரு அங்க போவ வாணாம்."

நிறுத்திவிட்டார்களா என்று பார்க்க, போன வாரம் படத்தோடு விடுதிக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு கிழவர் நின்றிருந்தார். மேனேஜர் அவரிடம் வீட்டுப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜரோடு சண்டை போட்டேன். "கமிட்டி சொல்லட்டும், நிறுத்தறேன்" என்றார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். ஆணி அடிக்க மனமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். காலையில் துடைக்கும்போதெல்லாம் அவர் குரல் கேட்கிறது: "இன்னாப்பா, நிறுத்திட்டாங்களா?"

இன்னும் இல்லண்ணா.