நின்றுகொண்டே கூழ் குடித்த வீடு

கோட்டையிலிருந்து ஒல்லாந்துக்காரர்களின் கொடி இறங்கிவிட்டது. இப்போதும் அவர்கள் இருந்த காலம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கூழ்ச்சட்டியும் அதைச் சுற்றி நின்றவர்களும்தான். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவில் என் சின்னம்மா வாழ்க்கைப்பட்ட வீடு அது. ஆண்டுக்கொரு முறை முன்னோருக்குப் படையல் போடுவார்கள். அது முடிந்ததும் கேழ்வரகுக் கூழை யாரும் உட்கார்ந்து குடிக்கக் கூடாது. ஏன் என்று அந்த வீட்டாருக்கே தெரியாது. "நின்னுகினே தின்ற வூடு" என்று ஊரே கேலி பேசும். விருந்துக்குப் போகும் எனக்குக் காலும் கடுக்கும், வெட்கமாகவும் இருக்கும்.

சின்னம்மாவின் மாமனாரும் கணவரும் பழவேற்காட்டுக் கோட்டைக்குப் படகோட்டியவர்கள். கப்பல் சரக்கைக் கரைசேர்ப்பது அவர்கள் பிழைப்பு. கப்பல் வரத்து குறைந்தது. சித்தப்பாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகனை மீன்பிடிக்க ஏரியில் இறக்குவதைத் தவிர சின்னம்மாவுக்கு வேறு வழியில்லை. ஆனால் எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடும் இடத்தில் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். பாட்டன் வழியில் பங்கு இருந்தால்தான் பாடு.

அந்த வீட்டுப் பூனைக்கண்ணைப் பார்த்தாலே வெள்ளைக்கார ரத்தம் என்று தெரியும். சின்னம்மா மகனுக்குப் பாடு கேட்டபோது, எந்த வெள்ளைக்காரன் என்பதுதான் வழக்கானது. முன்னொரு காலத்தில் கப்பல் உடைந்து கரையேறிய ஸ்காட்லாந்துக்காரன் ஒருவனுக்கு ஊர் பெண்ணும் கொடுத்தது, பங்கும் கொடுத்தது. அதை ஊர்த்தலைவரே ஒப்புக்கொண்டார்.

"ஆனா உங்க வூட்டு ஆளு கோட்ட சிப்பாய்மா, ஒல்லாந்துக்காரன். அவனுக்கு ஏது பங்கு? சிப்பாய் இல்ல, அந்த ஸ்காட்லாந்துக்காரன்தான்னா அத்தாட்சி கொண்டா" என்றார்.

சின்னம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் அப்போது கோட்டையில் வெள்ளைக்காரர் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி. நாலு எழுத்து படித்த கர்வத்தில் கோட்டைத் தேவாலயத்துப் பதிவேடுகளைப் புரட்டினேன். கல்லறைகளில் மண்டையோட்டுச் சிற்பத்துக்குக் கீழே இருந்த பெயர்களையெல்லாம் வெயிலில் குந்தி வாசித்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

"கல்லுல பேரு வெட்டிக்கினவன் பேரன் இன்னாத்துக்குடா ஏரில வலை கட்டணும்னு கேக்கறான்?" என்றாள் சின்னம்மா. அவளுக்குப் படிப்பு கிடையாது, புத்தி உண்டு.

ஒரு காலை, கோட்டைப் பீரங்கிக்காரக் கிழவர் சுவரோரம் நின்றபடி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவரும் ஸ்காட்லாந்தில் பிறந்து ஒல்லாந்துக்காரர்களிடம் சம்பளத்துக்கு வந்தவர். எத்தனையோ முறை பார்த்த காட்சிதான், அன்றுதான் உறைத்தது. உட்கார்ந்து குடிக்கக் கூடாதா என்று கேட்டேன். தங்கள் ஊரில் கஞ்சியை நின்றுதான் குடிப்பது, தன் அப்பனும் அப்படித்தான் என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அடுத்த படையலுக்கு அவரை விருந்து என்று மட்டும் சொல்லிப் படகில் அழைத்துப்போனேன். துணைக்கு ஒரு ஒல்லாந்துச் சிப்பாயும் வந்தான். விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த தலைவர் என்னை லேசில் நம்பவில்லை. "நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் கையாலேயே இருவருக்கும் பாய் விரித்தார். சிப்பாய் சட்டென்று உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினான். கிழவர் கூழை வாங்கிக்கொண்டு பாயை விட்டு விலகி நின்றார். பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். சின்னம்மா, அவள் மகன், நாத்தனார்கள், பிள்ளைகள் எல்லாரும் நின்றுகொண்டு குடித்தார்கள். தன் தாய் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கிறது என்று ஏதோ சொல்ல வந்து, முடிக்க முடியாமல் அழுதுவிட்டார். அந்த அழுகையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அதுவரை பாயில் உட்கார்ந்திருந்த தலைவரும் தன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

அடுத்த வாரம் பாடு பிரித்தார்கள். தலைவர் வீடு வீடாகப் பெயர் சொல்லி அழைத்தார். கடைசியில் கேட்டார்: "ஸ்காட்லாந்துக்காரன் வூடு?"

மகன் வாயைத் திறப்பதற்குள், ஆண்கள் கூடும் அந்தச் சபைக்கு அதுவரை வந்தே இராத சின்னம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"கீறோம்."