நடுப்பாத்திக் கோசு

முட்டைக்கோஸை அரிந்ததும் பூச்சிமருந்து வாடை எழும்பியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். சாப்பிட்டது எதுவோ ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த மகள் நேற்றுத்தான் வீடு திரும்பியிருக்கிறாள்.

நான் ஐந்தாவது படித்தபோது, அன்னவாசல் பக்கம் அப்பா மார்கழிக் குளிரை நம்பிக் கோசு போட்டிருந்தார். இலைக்கடியில் பச்சைப் புழுக்கள். தொட்டால் நூல் விட்டுத் தொங்கும். அடிக்கடி மருந்தடிப்பார். வீட்டுக்கென்று ஓரத்தில் இரண்டு வரிசையை மட்டும் அடிக்காமல் விடுவார். அந்தக் கோசுகள் சல்லடையாக இருக்கும்.

ஒருநாள் எங்கள் டீச்சர் ஒரு கோசு கேட்டார். ஓட்டை விழுந்ததைக் கொடுக்க வெட்கப்பட்டு, நடுப்பாத்தியில் வழவழப்பாக இருந்ததை அறுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எங்கிட்டு அறுத்த?"

"நடுப்பாத்தியிலப்பா."

"கூறுகெட்ட கழுத! நேத்துத்தானடி மருந்தடிச்சேன். அந்தம்மா புள்ளத்தாச்சி!"

கையைக் கழுவாமலே சைக்கிளை எடுத்தார். கோசோடு திரும்பியபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் சமைக்கல. குடுத்ததத் திருப்பிக் கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்னு சிரிக்கிறாங்க" என்றார். குழி வெட்டி அதைப் புதைத்தார்.

மறுநாள் காலை நடுப்பாத்தி முழுவதையும் அறுத்துச் சந்தை வேனில் ஏற்றினோம். நான்தான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாவைக் குறை சொல்லத் தெம்பில்லை. அந்தக் கோசுகளை யார் வீட்டில் சமைத்தார்கள் என்று அன்று நானும் யோசிக்கவில்லை. இன்று, கூடத்தில் மகள் சுருண்டு படுத்திருக்கும்போது, வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.