மைத்துனர் முன்னால் கத்தலாமா?

ஆவுடையார்கோவில் ரோட்டில் பஸ் ஓட்டி ஓட்டி என் முதுகு கட்டையாகிப் போயிருந்தது. எங்கள் ஊர் வைத்தியர் சோலை உடம்பு முழுக்கத் தைலம் தேய்த்து நீவிவிட்டார். நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. ஆனால் மறுநாள் உடம்பு பஞ்சாய் லேசாகிவிட்டது.

அடுத்த மாதம் மறுபடி தைலம் தேய்க்கப் படுத்தபோது, விருந்துக்கு வந்திருந்த என் மைத்துனர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் எதிரில் முனகுவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"இன்னம் அழுத்தவாண்ணே?" என்றார் சோலை.

"அழுத்துங்க" என்றேன் வீராப்பாக.

விலாவில் சுரீரென்றது, மூச்சே விட முடியவில்லை. மைத்துனர்தான் பதறிப்போய் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"எலும்பு முறியலை, தப்பிச்சீங்க" என்றார் டாக்டர். மூன்று வாரம் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.

பார்க்க வந்த சோலை வருத்தப்பட்டார். "நீங்க கத்துறத வச்சுத்தாண்ணே நான் கைய எடுப்பேன்."

இப்போதும் மாதம் ஒருமுறை தேய்த்துக்கொள்கிறேன். யார் இருந்தாலும் கூச்சப்படுவதில்லை. போன தடவை நான் போட்ட சத்தத்தில் சோலையே திகைத்துவிட்டார்.

"அண்ணே, நான் இன்னும் கையே வைக்கலண்ணே!"