சொல்பேச்சுக் கேட்ட நாய்

எங்கள் ஆட்டுக்கிடைக்கு வந்தபோது அந்தப் பொட்டை நாய்க்குட்டிக்கு ஏழு மாதம். ஆட்டை மடக்கச் சொன்னால் காலைக் கவ்வும். கூப்பிட்டால் எதிர்த்திசையில் ஓடும். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். ஆனாலும் அடித்தால் நாய் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கயிற்றின் ஒரு முனையை அதன் கழுத்திலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டிக்கொண்டு திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே காடுகாடாக நடந்தேன். சொன்னதைக் கேட்டால் ஒரு துண்டு கருவாடு. கேட்காவிட்டால், கேட்கும்வரை நானும் அங்கேயே நிற்பேன்.

ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. உச்சிவெயிலில் சீமைக்கருவேலங்காட்டுக்குள் திடீரென்று நின்றுவிடும். எதிரே முள்ளைத் தவிர ஒன்றும் இருக்காது. முதுகுமயிர் சிலிர்க்க, குரைக்காமல், ஒரே இடத்தைப் பார்க்கும். அதன் பின்னால் ஆடுகளும் நின்றுவிடும்.

"முனி நிக்கிற எடம் இதுக்குத் தெரியுது. கெடைக்கு ஆகாது," என்றார் என் வீட்டுக்காரர். "பொங்கலுக்குள்ள திருந்தலைன்னா அருப்புக்கோட்டையில கொண்டுபோயி விட்டுருவேன்."

"முனியுமில்ல, சனியுமில்ல. அதுக்குக் கொழுப்பு. நான் திருத்துறேன்."

திருத்தினேன். நிற்கும்போதெல்லாம் கூப்பிட்டேன். அது நகர்ந்து வர முதலில் அரைநாள் ஆனது, பிறகு அரைமணி. மார்கழியில் கயிற்றையே அவிழ்த்துவிட்டேன்.

அந்த வாரம், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி நின்றது. ஒரே ஒருமுறை கூப்பிட்டேன். அந்த இடத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, வந்துவிட்டது. வழி கிடைத்ததும் ஆடுகள் முன்னே நகர்ந்தன.

"பாத்தீகளா?" என்றேன். பெருமை தாங்கவில்லை.

முன்னால் போன சினையாட்டைக் காணோம். புதர் அசையவுமில்லை. கொஞ்சம் கழித்து எங்கள் காலுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து அது கத்தியது.

கைப்பிடிச்சுவர் இல்லாத பாழுங்கிணறு. வாயை முள் மூடியிருந்தது. முனி என்று அவர் பயந்தார், கொழுப்பு என்று நான் திட்டினேன். தரையை இருவருமே பார்க்கவில்லை. ஊருக்குள் போய் வடம் கொண்டுவருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள், முன்பு நாய் நின்ற வேறொரு இடத்துக்குப் போய் முள்ளுக்குள் கல்லை எறிந்தேன். விழுந்த சத்தம் தாமதமாகத்தான் வந்தது.

இப்போது அதை விரட்டும் பேச்சே இல்லை. மற்ற கிடைக்காரர்கள்கூட இதன் குட்டியைக் கேட்கிறார்கள். ஆனால் அது எங்கேயும் நிற்பதில்லை. சில மத்தியானங்களில் நடந்துகொண்டே காதை விடைத்து, திரும்பி என் முகத்தைப் பார்க்கிறது. நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே முள்ளைத் தவிர என் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை.