மேகம் பார்த்து வளர்ந்த வீடு

காமயகவுண்டன்பட்டியில் பிறந்து, அந்த மண்ணிலேயே திராட்சை வைத்து, அந்த மண்ணிலேயே அடங்கிவிட்ட எங்கள் அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. உழைப்பாளி, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர் என்று துக்கத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். அத்தனையும் உண்மை. பயந்தவர் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. மகள் நான் சொல்கிறேன்.

பன்னீர் திராட்சை வருடத்துக்கு மூன்று வெட்டு, மூன்று அறுவடை. கொடியை வெட்டிக் கவாத்து செய்த அன்று தொடங்கும் பயம், பழம் லாரி ஏறும்வரை ஓயாது. பழுக்கிற நேரத்தில் ஒரு மழை போதும், பழமெல்லாம் வெடித்துவிடும். மேகமலைப் பக்கம் வானம் கறுத்தால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. அம்மாவை வைவார், தட்டு பறக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் தம்பியும் நானும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாசலில் கால் வைப்போம்.

தம்பிக்கு அப்போது பதின்மூன்று வயது. சரியான வாயாடி. டவுன் பஸ் கண்டக்டரிடமே கதையளப்பான். ஒரு மழைக்கு மறுநாள் வியாபாரி தோட்டம் பார்க்க வந்தார். அப்பா அவரை நல்ல வரிசைகள் வழியாகவே கூட்டிப் போனார். கூடப் போன தம்பி, "அந்தப் பக்கம் வெடிச்சுக் கெடக்கே, பாத்தீகளா?" என்று கேட்டுவிட்டான். வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பொய் சொல்லாதே என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான். அன்று பயம் அவரை வேறு ஆளாக்கியிருந்தது.

"ஏலே, இனிமே வாயத் தொறந்தே, வெட்டிப் பொதைச்சுருவேன்!"

"அப்பா பயத்துல வைறாகடா, மனசுல வச்சுக்காத" என்று அம்மா கெஞ்சினார். அந்த வெட்டு முடிந்ததும் அப்பா மறந்துவிட்டார். தம்பி மறக்கவில்லை. முதலில் வீட்டில் பேச்சு நின்றது, பிறகு வகுப்பில். கபடிக்குக் கூப்பிட வந்த கூட்டாளிகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறகு வருவதையே விட்டார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போன பின்பும் அம்மா செல்போனில் பேசப் பேச, 'ம்' என்பான். இன்றுவரை அவனுக்கென்று ஒரு சிநேகிதன் இல்லை. எல்லோரும் அவனை அடக்கமான பிள்ளை என்கிறீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள்.

கடைசி நாட்களில் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் பேசுய்யா. என்னைய வஞ்சாலும் சரி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் தலையைக் குனிந்து நின்றான். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

ஆஸ்பத்திரிக்கு வேன் எடுத்து வந்தவர்களுக்கும், வெட்டு நேரத்தில் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்ற பக்கத்துத் தோட்டத்தாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். இன்னும் ஒரே ஒரு உதவி வேண்டும். வாய்க்கரிசி போட்டபோது தம்பி குனிந்து அப்பாவின் காதருகே ஏதோ சொன்னான். உதடு அசைந்ததைப் பார்த்தேன். கொட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவனிடம் கேட்டால் தலையைக் குனிகிறான். பக்கத்தில் நின்ற யாருக்காவது கேட்டிருந்தால், அது வசவாகவே இருந்தாலும் சரி, அம்மாவிடம் வந்து சொல்லுங்கள்.