துவாய் தொங்கும் நேரம்

மொன்றியலில் தமிழர் யாராவது கண்ணை மூடினால், அதை ஊருலகத்துக்குச் சொல்லும் குரல் எமிலியானுஸினுடையது. ரொறன்ரோவிலிருந்து நகுலேஸ்வரன் நடத்தும் இணைய வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவர் அவர்தான். கோயில் வாசலில் அவரைக் கண்டால், "அண்ணை, எங்கட பேரை இப்போதைக்கு வாசிச்சுப் போடாதேங்கோ" என்று பகிடி விடுபவர்களும் உண்டு. அவரும் சளைக்காமல், "வரிசையில நில்லும், உமக்கு முன்னால கன பேர் நிக்கினம்" என்பார்.

ஆள் இதற்கென்று படித்தவர் இல்லை. யாழ்ப்பாணத்துப் பாஷையூரிலிருந்து வந்து, சபனெல் தெருத் தையல் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் துணி வெட்டியவர். அத்தனை மெசின்களின் இரைச்சலுக்குள் அரை ஆயுளைக் கழித்த மனிதருக்கு, எழுபது வயதில் ஒரு சின்ன லப்டொப்பின் இரைச்சல் பொறுக்க முடியாமல் போனது. தலையில் எழுதியது என்றுதான் சொல்லவேண்டும்.

ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிப்பார். கணீரென்ற குரல். கொரோனாக் காலத்தில் கலையகத்துக்கு ஆட்கள் வரமுடியாமல் போனபோது, அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருந்த நகுலேஸ்வரன் போன் எடுத்தார். "வீட்டிலை இருந்தே வாசிச்சு அனுப்புங்கோ அண்ணை. லப்டொப்பும் ஒரு மைக்கும் இருந்தாக் காணும்." அந்தக் காலம் போய்விட்டது. எமிலியானுஸ் அந்த வேலையிலேயே நிலைத்துவிட்டார்.

வேலையைக் கோயில் காரியம் போலச் செய்தார். அறிவித்தல் வந்தவுடன் குடும்பத்துக்குப் போன் எடுத்துப் பெயர் வரிசையைச் சரிபார்ப்பார். மூத்த மருமகனின் பெயர் இளையவரின் பெயருக்குப் பின்னால் போய்விட்டால், பெட்டி மூடுவதற்கு முன்னமே அந்த வீட்டில் சண்டை மூண்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். இன்னொரு பிடிவாதமும் இருந்தது. பின்னால் ஒரு சின்னச் சத்தமும் கேட்கக் கூடாது. "செத்த மனிசனை ஆக்கள் கடைசியா ஒருக்காப் பேர் சொல்லிக் கூப்பிடுறது இதிலைதான். அதுக்குள்ள இரைச்சல் இருக்கலாமோ?" என்று மனைவி றோசலினிடம் கேட்பார்.

றோசலின் இருதயத்துக்கு மருந்து எடுப்பவர், அறுபத்தெட்டு வயது. புருஷனின் பிடிவாதங்களுடன் நாற்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்து பழகியவர். மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் மூன்றாம் மாடி வீடு அவர்களுடையது. அறைக்குள் குளிர்ச் சட்டைகள் தொங்கும் அலுமாரி ஒன்று, ஆள் உள்ளே நிற்கும் அளவுக்கு இருந்தது. தடித்த ஜக்கெட்டுகள் சத்தத்தை உறிஞ்சும் என்று யாரோ சொல்ல, எமிலியானுஸ் அதற்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கலையகம் ஆக்கிக்கொண்டார். முதல் மாதமே, யாரோ ஒரு புண்ணியவாளரின் பூட்டப்பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே றோசலினின் மிக்ஸி அலறியது. அன்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அதை முடித்து வைத்தவரும் றோசலின்தான். குளியலறையிலிருந்த தலை துவட்டும் சிவப்புத் துவாயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"பதியேக்கை இதை அறைக் கதவுப் பிடியிலை தொங்க விடுங்கோ. கண்டனெண்டால் நான் மூச்சும் விடமாட்டன்."

அன்றிலிருந்து அதுவே வீட்டுச் சட்டம். துவாய் தொங்கினால் றோசலின் மிக்ஸியைத் தொடமாட்டார். போனின் சத்தத்தை நிறுத்துவார். கோடையில் கூடத்து ஏசியையும் நிறுத்திவிட்டு, யன்னலோரக் கதிரையில் செபமாலையுடன் இருப்பார். பத்து நிமிடத்தில் எமிலியானுஸ் வெளியே வந்து துவாயை எடுத்து, "முடிஞ்சுது றோஸ்" என்பார். ஏசி திரும்பவும் ஓடத் தொடங்கும்.

லப்டொப்தான் சொல் கேளாத பிள்ளை. மகள் றொசானா பாவித்துவிட்டுக் கொடுத்த பழசு. சூடு ஏறினால் அதன் உள்ளே இருக்கும் ஃபான் ஊஊ என்று ஊதத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் பிரச்சினை இல்லை. யன்னலைக் கொஞ்சம் திறந்து, விளிம்பில் லப்டொப்பை வைத்து, நீண்ட வயரில் மைக்கை அலுமாரிக்குள் கொண்டுபோய்விடுவார். வெளியே பனி கொட்டும்போது அந்த மெசின் பூனைக்குட்டி போலச் சத்தமில்லாமல் கிடக்கும். ஊர் முழுக்கக் குளிரைத் திட்டும்போது, இந்த ஒரு மனிதர் மட்டும் மாசி மாதம் முடிகிறதே என்று கவலைப்படுவார்.

அந்த ஆடி மாதம் வெக்கை நாலு நாளாக விடவில்லை. ஈரப்பதத்தோடு சேர்த்து நாற்பத்துநாலு என்றது வானிலை. மூன்றாம் மாடியில், கூரைக்கு நேர் கீழே, சுவரைத் தொட்டாலும் சுட்டது. புதன்கிழமை மத்தியானம் ஒரு பெரிய அறிவித்தல் வந்தது. மூதூரில் தபால் அதிபராக இருந்து இளைப்பாறியவர். எட்டுப் பிள்ளைகள், நாலு நாடுகளில் பேரப்பிள்ளைகள். ஐந்து மணிச் செய்திக்கு முன்னர் போகவேண்டும். லப்டொப்பையும் மைக்கையும் அலுமாரிக்குள் வைத்து, எமிலியானுஸ் இரண்டு மணிக்குத் துவாயைத் தொங்கவிட்டார். கூடத்தில் ஏசி நிற்கும் சத்தம் கேட்டது.

இரண்டாம் பிள்ளையின் பெயருக்கு வரும்போதே ஃபான் ஊதத் தொடங்கியது. நிறுத்தி, லப்டொப்புக்குக் கீழே இரண்டு புத்தகத்தை வைத்துத் தூக்கினார். மறுபடி வாசித்தார். மறுபடி ஊதியது. ஈரத்துணி விரித்தார். பிரிட்ஜில் கிடந்த உறைந்த பட்டாணிப் பையைக் கொண்டுவந்து அடியில் வைத்தார். அது கால் மணி நேரத்தில் கஞ்சியாகியது. அலுமாரிக்குள் வியர்வை கண்ணுக்குள் ஓட, தபால் அதிபரின் குடும்பத்தை நாலு தரம் பாதியில் விட்டார். கோபம் வந்துவிட்டால் அவருக்கு வேறொன்றும் கண்ணில் தெரியாது. அந்தக் குணம் சின்ன வயதிலிருந்தே அவரிடம் உண்டு.

மூன்று மணிக்குச் சற்று முன்னர் ஐஸ் தேடி மீண்டும் வெளியே வந்தார். துவாயை எடுக்கவில்லை. றோசலின் கதிரையில் சாய்ந்திருந்தார், முகம் சிவந்து, நைட்டி கழுத்தோடு ஒட்டியிருந்தது. வாய் திறக்கவில்லை. துவாய் தொங்குகிறதே. கையை விரித்து, முடிந்ததா என்று சாடையில் கேட்டார். எமிலியானுஸ் ஒரு விரலைக் காட்டினார், இன்னும் கொஞ்சம் என்று. பிரிட்ஜின் மேல்தட்டைத் திறந்து பார்த்தார். ஐஸ் இல்லை. திரும்பியபோது றோசலின் தன் பிடரியில் வைத்திருந்த ஐஸ் பையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் நோவுக்கென்று வாங்கிய நீலப் பை அது.

எமிலியானுஸ் அதை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் பை வேலை செய்தது. லப்டொப் அடங்கியது. எட்டுப் பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே மூச்சில், ஒரு பிசிறில்லாமல் வந்தார்கள். மூன்று இருபதுக்குப் பதிவு முடிந்தது. அவர் அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அத்தனை பாடுபட்டுச் செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். கேட்டார். நன்றாக இருந்தது. மூச்சு எடுத்த இடங்களை வெட்டினார், இன்னொரு தரம் கேட்டார், ரொறன்ரோவுக்கு அனுப்பினார், நகுலேஸ்வரன் "சுப்பர் அண்ணை" என்று பதில் போடும் வரை காத்திருந்தார். வெளியே வரும்போது நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பதிவு முடிந்து அரை மணி நேரமாகத் துவாய் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது றோஸ்" என்றபடி கூடத்துக்கு வந்தார்.

றோசலின் தலை ஒரு பக்கம் சரிய இருந்தார். செபமாலை மடியில் இருந்தது. எமிலியானுஸ் தோளைப் பிடித்து அசைத்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அந்தக் கணீர்க் குரலால் மூன்று மாடிக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

அம்புலன்ஸில் வந்த பெண்பிள்ளை வேலை செய்தபடியே பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். எமிலியானுஸுக்கு அதில் ஒரு சொல்தான் விளங்கியது: கிளிமத்திசேர். ஏசி. பழுதா என்று கேட்கிறாள். இல்லை என்று தலையாட்டினார். அவள் யன்னலில் கிடந்த ஏசியையும் அவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, மறுபடி றோசலின் பக்கம் குனிந்தாள்.

ஆஸ்பத்திரியில் வெக்கை என்றார்கள், இருதயம் என்றார்கள். புரோசார்ட் வீட்டிலிருந்து மகள் றொசானா நேராக அங்கே வந்துவிட்டாள். தாயின் மருத்துவ அட்டையை எடுக்க இடையில் ஒரு தரம் ரொக்ஸ்பரோ வீட்டுக்குப் போய்வந்தாள். அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தகப்பனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சொந்தக்காரர் வந்து, ஏசி இருந்தும் ஏன் இப்படி என்று கேட்டபோது அவளே பதில் சொன்னாள். "அம்மாவைத் தெரியும்தானே. கரண்ட் வீண் எண்டு அதை நிப்பாட்டிப் போட்டு இருப்பா." எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். சிக்கனமான மனுசி என்று மெச்சினார்கள். எமிலியானுஸ் கீழே பார்த்துக்கொண்டு இருந்தார். செத்தவள் மீது ஒரு பொய் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டு, கட்டியவன் தேத்தண்ணி குடித்தான். அப்படித்தான் அவர் பின்னர் தன்னைப் பற்றி நினைத்தார்.

மறுநாள் காலை சேலையும் நகையும் எடுக்கவென்று வீட்டுக்கு வந்தபோது, அவர் முதலில் பார்த்தது அறைக் கதவை. பிடியில் துவாய் இல்லை. குளியலறைத் தட்டில் மற்றத் துவாய்களோடு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தான்தான் எடுத்து வைத்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அந்த அந்தர அவதிக்குள் எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்று அவருக்கே நினைவில்லை.

நகுலேஸ்வரன் போன் எடுத்தார். "அண்ணை, அக்காவின்ரை அறிவித்தலை நான் வேற ஆளைக் கொண்டு வாசிப்பிக்கிறன். நீங்கள் கரைச்சல் படாதேங்கோ."

"இல்லைத் தம்பி. நான் வாசிக்கிறன்."

அலுமாரிக்குள் போய் இருக்கவில்லை. லப்டொப்பையும் மைக்கையும் அங்கிருந்து எடுத்துவந்து கூடத்தில், அந்தக் கதிரைக்கு எதிரே சின்ன மேசையில் வைத்தார். ஏசியைப் போட்டார். உச்சத்தில் வைத்தார். அறைக் கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். பிரிட்ஜ் உறுமியது, ஏசி இரைந்தது, லப்டொப்பும் தன் பங்குக்கு ஊதத் தொடங்கியது. மைக்கைக் கிட்ட இழுத்து வாசித்தார்.

"யாழ்ப்பாணம் பாஷையூரைப் பிறப்பிடமாகவும், கனடா மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட திருமதி எமிலியானுஸ் றோசலின் அவர்கள் புதன்கிழமை அன்று இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற அந்தோனிப்பிள்ளை, மரியம்மா தம்பதிகளின் அன்பு மகளும்..."

அடுத்தது அவருடைய பெயர். ஆயிரம் பேருக்கு வாசித்த வரிதான். "எமிலியானுஸின் அன்பு மனைவியும்" என்பதில் அன்பு என்ற சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கனநேரம் கழித்து அந்தச் சொல்லைச் சொன்னார். மிச்சத்தையும் வாசித்தார். கேட்டுப் பார்க்காமல், ஒன்றையும் வெட்டாமல் அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் நகுலேஸ்வரன் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பின்னாலை ஒரே இரைச்சலாக் கிடக்கு. நடுவிலை ஒரு இடத்திலை உங்கட குரலையும் காணேல்லை. நான் இஞ்சை துப்பரவாக்கட்டோ?"

"வேண்டாம் தம்பி. அது ஏசி. அப்பிடியே போடுங்கோ."

மாலை ஐந்து மணிக்கு அறிவித்தல் போனது. ஐந்தேகாலுக்கு றொசானாவின் போன் வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "நீங்கள் சத்தத்தோட ஒருநாளும் அனுப்பமாட்டீங்களே அப்பா" என்றாள்.

எமிலியானுஸ் கதிரையைப் பார்த்தார். இப்போது சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்லமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்தது.

"பிள்ளை, கொம்மா ஏசியை நிப்பாட்டினது கரண்டுக்காக இல்லை. என்ரை துவாய் கதவிலை தொங்கினது. பதிஞ்சு முடிஞ்ச பிறகும் தொங்கினது. நான் எடுக்கேல்லை."

"தெரியும் அப்பா."

"என்னண்டு?"

"அம்மாவின்ரை மெடிக்கல் காட் எடுக்க வரேக்கை கண்டனான். நான்தான் எடுத்து மடிச்சு வைச்சனான்."

எமிலியானுஸ் பக்கத்திலிருந்த சோபாவில் இருந்துகொண்டார். "பிறகேன் ஆக்களுக்கு அப்பிடிச் சொன்னனி?"

"வேற என்னத்தைச் சொல்ல?" என்றாள் றொசானா. கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது அந்தக் குரலில். "விடுங்கோ அப்பா. எனக்கு எல்லாம் தெரியும்."

எல்லாம் தெரியாது. அதோடு விட்டிருந்தால் மகள் மன்னித்தபடியே இருந்திருப்பாள், அவரும் மன்னிக்கப்பட்டவராகக் காலத்தைக் கழித்திருக்கலாம். நீலப் பை இன்னும் அலுமாரிக்குள், அவர் வைத்த இடத்தில், வெறும் தண்ணீராகக் கிடந்தது.

"அவ பிடரியிலை ஐஸ் வைச்சிருந்தவ" என்றார் எமிலியானுஸ். "லப்டொப்புக்கு வைக்க எண்டு, அதையும் நான் வாங்கிக்கொண்டு போட்டன்."

மறுமுனையில் றொசானா போனை வைக்கவில்லை. எமிலியானுஸ் காதோடு போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஏசி இரைந்ததில், அவள் அழுகிறாளா என்று அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து போய் அதை நிறுத்த அவருக்குக் கை வரவில்லை.